முன்தேதி ராஜினாமா

— கதவைச் சாத்திட்டு வந்து குந்து நாகமுத்து. கலெக்டர் ஆபீஸு மெமோவைப் படிச்சியா?

— ரெண்டு வாட்டி படிச்சேன் சார். பர்மிஷன் வாங்காம சர்வேயருங்க சங்கத்துல நிர்வாகியா கீறது தப்பாம்.

— தப்புதானே? நீ செக்ரெட்டரி. பர்மிஷன் வாங்கினியா?

— நீங்க தலைவரு. நீங்க வாங்கினீங்களா?

— நான்… எனக்கு வாய்வார்த்தையா சொல்லிக்கிறாங்க. அத்த உடு. நான் பேருக்குத்தாம்பா தலைவரு. மாலையப் போட்டா கழுத்த நீட்டுவேன், அவ்ளோதான்.

— நல்லா நீட்டுவீங்க சார்.

— வேலை போவப் போவுது, கிண்டல் வேறயா உனக்கு? விதி இன்னா சொல்லுது? சங்கம்னா சம்பளம், லீவு, படி… இதக் கேக்கலாம். நீ இன்னாத்த எழுதி அனுப்பின? ஆரம்பாக்கம் ரோட்டுல புதுக் கம்பெனிக்காரன், ஏரிக்குத் தண்ணி போற கால்வாய்க்குள்ள பத்தடி தள்ளிச் சுவரு கட்டிக்கினான்னு…

— பதினாலு அடி சார்.

— எத்தினி அடியா இருந்தா இன்னாய்யா! அது சங்கத்து வேலையா?

— அளந்தது நம்ம ஆளுங்க. அளவை மாத்தி எழுதுன்னு மிரட்டினாங்க. மாட்டேன்னா தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவோம்னாங்க. இது எங்க சர்வீஸ் பிரச்சினை இல்லியா?

— பேச நல்லாத்தான் கீது. கலெக்டராண்ட போய் இப்பிடிப் பேசேன், பாப்போம்.

— கால்வாய் அடைஞ்சா முந்நூறு ஏக்கரு காஞ்சி போவும் சார்.

— நீ காஞ்சி போவாத, அதப் பாரு மொதல்ல. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க வச்சிக்கிற. சஸ்பெண்டுல போட்டா ஊட்டுல அடுப்பு எரியுமா?

— எரியாதுதான் சார்.

— பேஜாருதான், எனக்குத் தெரியாதா? அதான் உன்ன காப்பாத்த ஒரு வழி பண்ணி வச்சிருக்கேன். லெட்டரு போனது பன்னெண்டாம் தேதி. நீ அஞ்சாம் தேதியே செக்ரெட்டரி பதவிய ராஜினாமா பண்ணிட்ட.

— நான் பண்ணலியே?

— இப்பப் பண்ணு. அஞ்சாம் தேதி போட்டு.

— அப்ப லெட்டரு?

— பதவியில இல்லாதவன் சங்கத்துப் பேர்ல எழுதின காயிதம். செல்லாது. தூக்கிக் கடாசிடுவாங்க. தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு, எச்சரிக்கையோட உட்டுருவாங்க.

— சுவரு?

— அது பாட்டுக்கு நிக்கும். உன்ன இன்னா பண்ணுது?

— பொய்த் தேதி போடுறது விதியில வராதா சார்?

— விதி பொஸ்தகத்துல எல்லாந்தான் வரும். ஆளப் பாத்துப் புரட்டணும்.

— ம்…

— இன்னா ம்? உனக்கு நல்லது சொன்னா…

— எழுதறேன் சார், காயிதம் குடுங்க. "சொந்தக் காரணங்களால்"னு போடட்டா?

— போடு. உடம்பு சரியில்லன்னும் சேத்துக்க. தேதி? அஞ்சு, ஆறு, எழுபத்திமூணு. அப்பிடித்தான்… அடியில கார்பன் வச்சியா?

— வச்சிருக்கேன். தலைவரு ஏத்துக்கினாத்தானே சார் ராஜினாமா செல்லும்?

— குடு இங்க. "ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று முதல் செயலாளர் பணியையும் தலைவரே கவனிப்பார்." எப்பிடி? முப்பது வருச சர்வீஸுய்யா! ஒரு ஓட்டை உடுவேனா? கையெழுத்து… அஞ்சாம் தேதி… சீலு.

— காப்பி ஒண்ணு நான் வச்சிக்கறேன்.

— வச்சிக்க, வச்சிக்க. மூஞ்சி ஏன் இப்பிடிக் கீது? சிரிச்சிக்கினே போ.

— ஒண்ணு கேக்கட்டா சார்? உங்க மருமவனுக்கு அந்தக் கம்பெனியில ஸ்டோர் கீப்பர் வேலை கெடச்சிருக்காமே?

— யாரு சொன்னது? … அது அவன் படிப்புக்குக் கெடச்சது. அதுவும் மருமவன், குடும்பம்ன்ற கணக்குல வரமாட்டான். பாத்துட்டேன்.

— பொஸ்தகத்துல பாத்துட்டீங்களா!

— இன்னாப்பா நீ… வர மாசம் ரிடைர் ஆவறேன். பென்ஷன் பேப்பரு அங்க கலெக்டர் ஆபீஸுல கீது. நான் நிம்மதியா ஊடு போய்ச் சேர வேணாமா? … ஆமா, மெமோவுல கடைசி வரி இன்னா? "கடிதத்தில் கையொப்பமிட்ட நிர்வாகி மீது நடவடிக்கை"… லெட்டர நான் கண்ணால பாக்கல. கையெழுத்து உன்னுதுதானே?

— இல்ல சார், உங்களுது. நம்ம லெட்டர்பேடுல அம்பது வெத்துக் காயிதத்துக்கு மொத்தமா கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களே, அதுல ஒண்ணுலதான் டைப் அடிச்சேன். உங்களாண்ட படிச்சிக்கூடக் காட்ட வந்தேன், "எனக்கெதுக்குப்பா, அனுப்பு"ன்னீங்க. நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல சார்… ரிடைர் ஆவற மனுஷனுக்கு இந்தக் கெதியான்னு, எல்லாம் நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கலாம்னுதான் இங்க வந்தேன். இப்ப எப்பிடி ஒத்துக்கறது? பன்னெண்டாம் தேதி நான் பதவியிலயே இல்லியே.