நல்லி எலும்பு

நல்லி எலும்பைத் தட்டித் தின்கிறவனுக்குச் சாப்பிடத் தெரியாது. மெல்ல உறிஞ்ச வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசாரிக்க வந்ததும் எலும்புச் சங்கதிதானே.

என் பெயர் இத்ரூஸ். பசறை ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்திரண்டு வருடம் மருந்து கொடுத்தேன். வரிசையில் நிற்கிற சனத்துக்குப் பொழுது போக வேண்டாமா? பர்மாச் சண்டையில் ஏழு சிப்பாய்களைக் காப்பாற்றிய கதையைச் சொல்வேன். ரத்தம் வடிந்து நரம்பெல்லாம் ஒட்டிப்போனவனுக்கு, முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசியை இறக்கி, மஜ்ஜை வழியாகச் சேலைன் ஏற்றுகிற வித்தை. ஏழாவது ஆள் எழுந்து என்னிடமே சிகரெட் கேட்டான் என்று முடிப்பேன்.

நான் பர்மாவைப் பார்த்ததில்லை. சண்டைக் காலம் முழுக்கத் தியத்தலாவை முகாமின் சமையற்கட்டில் வெங்காயம் உரித்தேன். ஒருநாள் ராணுவ டாக்டர் பாடம் நடத்த ஆட்டுக்கால் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். ஊசி எலும்பில் இறங்கும் வரை பார்த்தேன். அதற்குள் சோறு பொங்கி வழிகிறது என்று கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே பாதிப் பாடம் எனக்கு நன்றாகவே தெரியும்.

எழுபத்தொன்று, ஏப்ரல் மாதம். மொனராகலைப் பக்கம் தொடையில் துப்பாக்கிச் சூடுபட்ட ஒரு சிப்பாயைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லொறி, கிளர்ச்சிக்காரர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் எங்கள் தோட்டத்தில் நின்றுவிட்டது. மரத்தை அகற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை உயிர் தாங்குமா என்பதுதான் கேள்வி. விஜேபால என்று பெயர். இருபது வயது இருக்கும். உதடு வெளுத்துப் போய், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற மருத்துவிச்சி ஸகீனா, அவன் கையைத் தடவித் தடவி நரம்பு தேடினாள். ஜன்னலில் சனம் கூடிவிட்டது. இருமல் மருந்துப் போத்தலோடு நின்ற கனகம் சொன்னாள்:

"என்னத்துக்குப் புள்ள கையத் தடவிக்கிட்டு நிக்கிற? பர்மாவுல ஏழு பேர எழுப்பினவரு பக்கத்துலயே நிக்கிறாரு. டாக்டரையா, அந்த ஊசி வேலையக் காட்டுங்க."

"காட்டுவாரு, காட்டுவாரு," என்றது பின்னால் ஒரு குரல். "நமக்கு இத்தன வருசமா வெள்ள மாத்திரையத்தான காட்டியிருக்காரு."

சிரித்தார்கள். ஸகீனா தலை நிமிராமல் சொன்னாள்: "நானா, நரம்பு கெடச்சிட்டு. சின்னதுதான். ஆனா ஏத்தலாம்."

அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "நீ போய் வெந்நீர் வை," என்றேன்.

"நரம்பு இரிக்கி நானா."

"வெந்நீர்."

போனாள்.

சூடு படாத காலில் ஊசியைத் திருகி இறக்கினேன். தேயிலைப் பெட்டியில் ஆணி இறங்குவதுபோல இறங்கியது. சேலைன் ஓடியது. கனகம் கும்பிட்டாள். அரைப் போத்தல் முடிந்த பிறகு ஸகீனா வெந்நீரோடு வந்து, போர்வையை விலக்கிப் பார்த்தாள். கெண்டைக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"ஊசி அங்கால பக்கத்தால வெளிய வந்திட்டு நானா. எல்லாம் சதைக்குள்ளதான் போயிரிக்கி."

பாடத்தின் மறுபாதி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவள் மறுபடி கையைப் பிடித்து நரம்பு தேடினாள். அது ஒட்டிப்போயிருந்தது. மரம் அகற்றியாயிற்று என்று லொறி ஹாரன் அடித்தபோது, அவன் தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தான்.

கூட வந்த சார்ஜன்ட் என் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். ஸகீனா அடுத்த மாதமே பண்டாரவளைப் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரி.

நான் எதையும் மறைக்கவில்லை. நரம்பு இருந்தது. எனக்குத் தெரியும். அவனை நான்தான் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நியாயமாக இதையும் சேர்த்து எழுத வேண்டும்: எட்டுப் பேருக்கு அந்த ஊசி போட்டதில், ஏழு பேர் பிழைத்தார்கள்.