சளியில் ஒரு சிவப்புக் கீற்று

மிளகுக் கஷாயம் போடுவதில் எனக்கு நல்ல கை உண்டு. மயிலாப்பூரில் ஸ்ரீனிவாசராகவன் மாமாவிடம் பாட்டுக்குச் சேர்ந்ததிலிருந்து, கச்சேரிக்கு முன்னால் அவர் குடித்ததெல்லாம் என் கஷாயம்தான். மேடையில் அவர் பின்னால் உட்கார்ந்து கூடப் பாடுவேன். என் குரல் கொஞ்சம் மேலே எழுந்தால் தொடையில் ஒரு தட்டு விழும். "அடக்கிப் பாடு. ஜனங்க என்னைக் கேக்க வந்திருக்கா."

போன கார்த்திகையில் அவருக்குத் தொண்டைப் புண். காய்ச்சல், விடாத இருமல். ஒருநாள் காலையில் வாஷ்பேசினில் துப்பிய சளியில் நூல்போல ரத்தம். மாமாவுக்கு மனைவி, மக்கள் கிடையாது. என் கையைத்தான் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் சோதனையெல்லாம் முடித்து, அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "பயப்பட ஒண்ணுமில்லை. இருமி இருமி உள்ளே கீறியிருக்கு. ஒரு வாரம் பேசாம இருக்கட்டும். அப்புறம் தாராளமா பாடலாம்."

ஆட்டோவில் மாமா கண்ணாலேயே கேட்டார். "பேசக் கூடாதாம்," என்றேன். அது பொய்யில்லை. ஆட்டோக்காரரிடம், "அடையாறு... வேண்டாம், இன்னிக்கு வீட்டுக்கே போங்க," என்றேன். அதுவும் பொய்யில்லை. அடையாறில் எனக்கு ஒரு வேலை இருந்தது. மாமா அங்கே இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டார். நினைப்பது அவரவர் உரிமை.

சில நாளில் ரத்தம் நின்றது. வெறும் சளியை மாமா ஆசையோடு காட்டினார்.

"உள்ளே அடங்கிண்டிருக்கும் மாமா. பாடினா கிழிச்சுண்டு வரும்." இதை டாக்டர் சொல்லவில்லை. என் சொந்த அபிப்பிராயம்.

தி.நகர் சபா செயலாளர் சுயம்புலிங்கம், ஜவுளிக்கடைக்காரர், வீட்டுக்கே வந்துவிட்டார். "கச்சேரி டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. பெரியவரு பாடலன்னா நான் என்னத்தச் செய்ய? நீங்க பாடுவியளா?"

பெரிய மனிதர் கேட்டு மறுப்பது மரியாதையில்லை. பாடினேன். என்னைத் தட்ட யாரும் இல்லை. மாமா முன்வரிசையில் மஃப்ளரோடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் தம்புராவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை. போன வாரம் மட்டும், கதவைச் சாத்திவிட்டு, என் எதிரில் உட்கார்ந்து மெல்ல ஒரு ஸ்வரம் இழுத்துப் பார்த்தார். கணீரென்று வந்தது. பழைய குரலைவிட நன்றாகவே இருந்தது. ஓய்வு அப்படித்தான் செய்யும். சின்னக் குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

நான் உதட்டைப் பிதுக்கினேன். "வேண்டாம் மாமா. சரியில்லை."

உடனே வாயைப் பொத்திக்கொண்டார். பாவம், என் சொல்லைத் தட்டவே மாட்டார். இந்த வயதில் அவரை இவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.