சொம்பு சிந்தாத வண்டி

"எங்க மாமனாரு ஒன்னு சொல்வாரு தம்பி... வீட்ட வாடகைக்கு விடறதுக்கு முன்னால வர்றவனோட கையப் பாருன்னாரோ, கண்ணப் பாருன்னாரோ... என்னத்தையோ பாக்கச் சொன்னாரு. எழவு, மறந்து தொலைச்சுட்டன். அதான் நான் வண்டியப் பாக்கறன். ஆளு பேசற பேச்ச நம்பி ஏமாந்தது போதும்!"

மத்திகிரியில் அது ஆமிர் ஏறிய ஐந்தாவது வாசல். காலையிலிருந்து 'டு-லெட்' பலகை தொங்கிய நான்கு வீடுகளைப் பார்த்துவிட்டான். நான்கிலும் முதலில் பெயரைக் கேட்டார்கள். சொன்னதும், "அடடா, இப்பத்தானே ஒருத்தர் பேசிட்டுப் போனாரு" என்றார்கள். நாலு வீட்டுக்கும் சொல்லி வைத்தாற்போல ஒருத்தர் பேசிவிட்டுப் போயிருந்தார். இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை பாரூரிலிருந்து கௌசர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறாள். கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகிறது. ஃபேக்டரி நண்பர்கள் ஆறு பேர் படுக்கும் அறைக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

இந்த வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் பெயரைக் கேட்கவில்லை. "வண்டி என்ன வெச்சிருக்க?" என்றுதான் கேட்டாள். பதிலுக்கு நிற்கவும் இல்லை.

"மூணு போர்சன் தம்பி. மூணும் காலி. ஆயுத பூஜை முடிஞ்சு காலியானது, இன்னும் காலியாத்தான் கெடக்குது. என்ன? தண்ணியா? போர் தண்ணி எந்நேரமும் வரும், ஒகேனக்கல் தண்ணி அதுக்கு மனசு இருந்தா வரும். அத விடு. குடியிருந்தவனுங்களப் பத்தி சொல்றன் கேளு. மூணு பேரு. மூணு பிராண்டு. ஆனா மூணு பேரும் ஒரே கம்பெனி! பிரேக் கேபிள் செய்யற கம்பெனி. காலையில ஒரு பிராண்டுக்கு செய்வானுங்க, மத்தியானம் வேற பிராண்டுக்கு. எல்லாம் ஒரே மிஷின்ல வர்ற கேபிளு. ஊட்டுக்கு வந்ததும், 'என் வண்டி மாதிரி வருமா, உன் வண்டி மாதிரி வருமா'ன்னு அடிதடி! ஏன்டா, செய்யறவனே நீதானடா!"

அவள் வெற்றிலையை மடித்து வாயில் தள்ளினாள். பேச்சு தடைபடவில்லை.

"முதல் போர்சன்ல மாடசாமி. தென்காசிப் பக்கம். ஸ்ப்ளெண்டர் வெச்சிருந்தான். அந்த வண்டிய வாங்கறவன் எதுக்கு வாங்கறான்னு நெனக்கற? மைலேஜ் மைலேஜ்ம்பானுங்க. அதுவும்தான். ஆனா நெசம் என்னன்னா, அவன் மச்சான் அத வெச்சிருக்கான், சூப்பர்வைசர் அத வெச்சிருக்கான், எந்த ஊரு மெக்கானிக்கும் கண்ண மூடிட்டு அதக் கழட்டி மாட்டுவான். நாலு பேரு போற தடத்துல போற ஆளு அவன். 'வண்டின்னா வீட்டுக்கு அடங்கி இருக்கணும்லா'ம்பான். அவன் பொண்டாட்டி கருப்பாயி உள்ளேருந்து சிரிப்பா. சரிவு வந்தா எஞ்சின அணைச்சுடுவான். தெரு திரும்பறப்பவே அணைச்சுட்டு, உருண்டுகினே வந்து வாசல்ல நிப்பான். பூன வர்ற மாதிரி! ரெண்டு தடவ நான் பயந்தே போயிட்டன்.

"நடு போர்சன் பாலாஜி. சேலத்துப் பையன். ஆரு ஒன் ஃபைவாம். ரேஸ் வண்டி. அதுல உக்காந்தான்னா ரோட்டுல தோடு தொலைச்சவன் தேடற மாதிரி குனிஞ்சுகினே போவான். இங்கேருந்து சிப்காட்டு எத்தன தூரம்? அதுக்கு எதுக்குடா இப்படிக் குனியற? ராத்திரி ஆனா முதுகுக்குத் தைலம். ஊடு பூரா தைல வாசன. ஆனா விட மாட்டான். ஏன்னு கேட்டா, 'ஓனரம்மா, சிக்னல்ல நின்னா பக்கத்துல நிக்கறவன் நம்மள பாக்கணும்'ங்கறான். சிக்னல்ல நிக்கறதுக்கு ரேஸ் வண்டி!

"கடேசி போர்சன்ல வந்தான் பாரு வெங்கடப்பன். ஜவளகிரிக்காரன். ஒல்லிப் பய, காத்தடிச்சா ஆடுவான். அவன் வெச்சிருந்தது..."

சரோஜம்மாள் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

"புல்லட்டு."

ஆமிர் கையிலிருந்த வண்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். அவனுடைய புல்லட் தெரு முனைப் புங்க மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்க வசதியாக அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தான். மூன்று வருஷம் ஓவர்டைம் பார்த்து வாங்கிய வண்டி. கௌசரைப் பெண் பார்க்கப் போனதும் அதில்தான்.

"எதுக்குடா இந்த வண்டின்னு கேட்டன். 'காட்டு ரோட்டுல சத்தம் கேட்டா யான ஒதுங்கிக்கும்'ங்கறான். யான ஒதுங்குச்சோ இல்லியோ, எனக்குத் தெரியாது. என் எவர்சில்வர் டம்ளருங்க ஒதுங்கி ஒதுங்கி ஷெல்ஃபு ஓரத்துக்கே வந்துருச்சு! விடியறதுக்கு முன்ன ஷிப்டுக்குக் கெளப்புவான். டுபு... டுபு... டுபு... எனக்கு நெஞ்சுல யாரோ மாவு இடிக்கற மாதிரி இருக்கும். யானைக்கெல்லாம் இல்ல தம்பி. அவன் ஊருக்குள்ள நொழையறப்ப ஏரி வளைவுலயே எல்லாருக்கும் தெரியணும், வெங்கடப்பன் வர்றான்னு. சின்ன வயசுல அவன யாரும் திரும்பிப் பாக்கல போல, பாவம்.

"சரி, ஆயுத பூஜை வந்துச்சா? மூணு வண்டியயும் கழுவிப் பொட்டு வெச்சு வாசல்ல நிறுத்திட்டானுங்க. எலுமிச்சம்பழம் தட்டுல இருக்குது. எந்த வண்டி முதல்ல பழத்து மேல ஏறறது? அதுக்குச் சண்ட! மாடசாமி, 'நான்தான் முதல்ல குடி வந்தேன்'ங்கறான். பாலாஜி, 'என்னுதுதான் புதுசு'ங்கறான். வெங்கடப்பன் கன்னடத்துக்கு மாறிட்டான். அவன் கன்னடத்துக்கு மாறினா வண்டிப் பெருமையின்னு அர்த்தம். தெலுங்குக்கு மாறினா கோவம். கொஞ்ச நேரத்துல தெலுங்கும் வந்துருச்சு.

"நான் நடுவுல பூந்தன். 'டேய், எந்த வண்டி உசத்தின்னு நானே சொல்றன். ஒரு சொம்பு நெறய தயிரக் கரைச்சு எடுத்துக்கறன். ஒவ்வொரு வண்டியிலயும் பின்னால உக்காந்து ஜவளகிரி போயிட்டு வரன். எதுல சிந்தலியோ அதுதான் உசத்தி'ன்னன். என்ன சிரிக்கற? பைக்குன்னா பின்னால உக்கார்றவளுக்கும் பங்கு உண்டு தம்பி. எவனாவது அவளக் கேட்டு வாங்கறானா?

"மாடசாமி வண்டி ஒரு சொட்டு சிந்தல. ஆனா மேடு வந்தா மெதுவா, பள்ளம் வந்தா அணைச்சுட்டு... போய் வர்றதுக்குள்ள தயிரு புளிச்சுப் போச்சு. பாலாஜி வண்டிக்கு ஏறவே நாற்காலி போட்டோம். பரண் மேல உக்காந்தாப்ல இருந்துச்சு. முதல் பிரேக்குல முக்காச் சொம்பு அவன் கழுத்துல. வெங்கடப்பன் வண்டியில போனன்... வண்டியக் குத்தம் சொல்லல, ரோடு அப்படி... வந்து எறங்கிப் பாக்கறன், சொம்புல வெண்ண தெரண்டு நிக்குது! சத்தியமா! அவன், 'அரை சொம்பு போனா என்ன, வெண்ண எடுத்தது என் வண்டிதான், நாந்தான் ஜெயிச்சேன்'ங்கறான்."

சரோஜம்மாள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பறம் நான் தீர்ப்பு சொன்னன். மூணும் இல்ல, என் எக்ஸெல் மொபெட்டுதான் உசத்தின்னன். நம்மூரு கம்பெனி வண்டி, முன்னால கால் வெக்கற எடத்துல சொம்ப வெச்சா அசையவே அசையாது. ஒரு சொட்டு சிந்தல. ஜவளகிரியா? இல்ல... அவ்ளோ தூரம் எதுக்கு... தெரு முனை வரைக்கும் போயிட்டு வந்தன். சொம்புல... பாதிதான் ஊத்தியிருந்தன். அதுக்கென்ன? எலுமிச்சம்பழத்து மேல என் எக்ஸெலத்தான் முதல்ல ஏத்தனன். எனக்கு யாரு தம்பி இருக்காங்க ஏத்தி விடறதுக்கு?

"மறு வாரமே மூணு பேரும் காலி பண்ணிட்டானுங்க. எங்க போனானுங்க தெரியுமா? எதிர் ஊட்டுக்கு! அதோ பாரு. மூணு வண்டிக்கும் ஒரே தார்பாய். இப்ப ஒன்னா டீ குடிக்கறானுங்க. என் வண்டியக் கிண்டல் பண்றப்ப மூணு வாயும் ஒரே வாயி. சரி, என் கத கெடக்கட்டும். உன் வண்டி என்னன்னு கேட்டனே?"

ஆமிர் பெயரையும், ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி வருவதையும், வண்டியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். பெயரைக் கேட்டு அவள் முகத்தில் ஒன்றும் நகரவில்லை. வண்டியைக் கேட்டதும் வெற்றிலை மெல்லுவது நின்றது.

"பாக்க நல்ல புள்ளையாட்டம் இருக்கறியே..." என்றாள் கடைசியில். காலியாகக் கிடந்த மூன்று கதவுகளையும் பார்த்தாள். "இந்தக் காம்பவுண்டுக்குள்ள டுபுடுபுன்னு சத்தம் வரக் கூடாதுன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கறன் தம்பி. காம்பவுண்டு மட்டும் இல்ல, என் ஊட்டுல குடியிருக்கறவன் வண்டிச் சத்தம் இந்தத் தெருவுலயே என் காதுக்குக் கேக்கக் கூடாது. ஆனா சத்தத்தத்தான் சொன்னன். வண்டியச் சொல்லல. நல்லா நெனப்பு இருக்குது, வண்டியச் சொல்லல."

முந்தானை முடிச்சை அவிழ்த்து நடு போர்சன் சாவியை நீட்டினாள். "உன் ஊட்டுக்காரி ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரா? வெறும் வயித்தோட வரப் போறா, இட்லிக்கு ஊறப் போட்டு வெக்கறன்."

ஆமிர் சாவியை வாங்கிக்கொண்டான். புங்க மரத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும், போகும்போதும் வரும்போதும், எஞ்சினை நிறுத்திப் புல்லட்டைத் தள்ளிக்கொண்டே போவதென்று முடிவு செய்தான்.