பசியோடு திரும்பும் பறவை

பசித்தால் மட்டுமே நம்மிடம் திரும்பி வரும் ஓர் உயிரை, நம்முடையது என்று சொல்லலாமா? விடை எனக்குத் தெரியாது. தெரியாத கேள்வியோடு மேடையேறியதை அவைத்தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும். முன்வரிசை மூத்தோர் பொறுத்தருள வேண்டும். பிள்ளையை மடியிலும் பையைத் தோளிலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களும் பொறுத்தருள வேண்டும்.

நம் உயிரினக் காட்சியகத்தின் ஆண்டு விழாவில், வல்லூறையும் அடிமணல் சுறாவையும் ஒப்பிட்டுப் பேசப் பணித்தார்கள். ஒன்று வானை வகிர்ந்து வரும் வேகம். மற்றொன்று மணலோடு மணலாய்க் கிடக்கும் மௌனம். ஒன்று இரையைத் துரத்தும். மற்றொன்று இரை வாயருகே வரும்வரை வாளாவிருக்கும். என்னம்மா சொல்கிறீர்கள்? "எங்க வீட்டுக்காரர் மாதிரி"யா? இருக்கட்டும், சுறா வருத்தப்படாது!

சுறாத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்காள். வல்லூறைப் பழக்கியவர் அவருடைய தம்பி. தினமும் எடை பார்த்து, சற்றே பசியோடுதான் பறவையைப் பறக்கவிடுவார் தம்பி. அது வந்தமரும் தோல் கையுறைக்கு அதைத் திருப்பி இழுக்கும் கயிறு அந்தப் பசிதான்.

ஒருநாள் பல்வலி. தம்பி மருத்துவரிடம் போனார். கூண்டு அக்காளின் பொறுப்பாயிற்று. வயிறு நிறைந்த சுறா தொட்டியடியிலேயே கிடக்கும். அந்தப் பழக்கத்தில், அந்த வாஞ்சையில், வல்லூறுக்கும் வயிறார ஊட்டிவிட்டார். காட்சி நேரத்தில் ஓடிவந்த தம்பிக்கு எடை பார்க்க நேரமில்லை. பறக்கவிட்டார். அது எதிர்க் கட்டடத்து மாடிச்சுவரில் அமர்ந்து நிதானமாக இறகு கோதியது. கூப்பிட்டார், திரும்பியும் பார்க்கவில்லை.

"அக்கா, எவ்வளவு தீனி குடுத்த?"

"வயிறு நிறையத்தான்டா. நீ பட்டினியில்ல போடுற, பாவம்!"

"பட்டினி இல்லக்கா. பசி."

சொல்லி முடிக்குமுன் பறவை பறந்துவிட்டது.

பிழை யாருடையது? ஊட்டிய கையினுடையதா? எடை பார்க்காத அவசரத்தினுடையதா? "சீக்கிரம், சீக்கிரம்" என்று கைதட்டிய நம்முடையதா? அன்பு ஒன்றே போதும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். போதாது, பெரியோர்களே! போதாது, தாய்மார்களே! யாருக்கு ஊட்டுகிறோம் என்று அறியாத அன்பு, நாமே திறந்துவிட்ட கதவு!

செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம். அமருமுன், மறுநாள் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். விடிந்ததிலிருந்து தம்பி கையுறையை உயர்த்தியபடி மைதானத்தில் நின்றார். வல்லூறுக்குப் பசித்திருக்கும், ஆனால் ஊர் நிறையப் புறாக்கள். அது வரவில்லை. மாலையில் சுறாத் தொட்டியருகே வந்து, கையுறையைக் கழற்றாமலே அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டார் அக்காள்.

"பசிக்கலக்கா" என்றார் தம்பி.