வரிசை மாறல

இல்லணா, நீ வாயத் தொறக்காத. தாடைக்கு கம்பி போட்டு கட்டிகீறாங்க, பேசுனா பிஞ்சிடும்னு நர்சம்மா சொல்லிச்சு. கண்ண மூடித் தொற, போதும், எனுக்குப் புரியும். ஆமா, எதிர்க் குப்பத்துக்காரிதான். தேசப்பன் பொண்ணு திவ்யா. அய்ய, கைய ஏன் இழுத்துக்குற? கத்தி ஒண்ணும் எடுத்தாரல. வாசல்ல போலீசு என் பையக் கொட்டிப் பாத்துட்டுதான் உள்ள வுட்டாங்க.

உங்காளுங்க நேத்து எங்க வலையெல்லாம் கரையிலயே கொளுத்திட்டாங்க, தெரியுமா? தடுக்கப் போன எல்லப்பன் மாமாவ அந்த நெருப்புலயே புடிச்சு தள்ளிட்டாங்க. ரெண்டு கையும் வெந்துபோயி பக்கத்து வார்டுலதான் கெடக்குறாரு. ஏன்டானு கேட்டா, உன் பேரத்தான் சொல்றாங்க. வேதாசலம் ஃபோன்ல ஆபத்து பட்டன அமுக்கியும் மீட்பு போட்டு லேட்டா வந்துச்சு, அந்த ஊருக்காரி திவ்யாதான் வேணும்னே நிறுத்தி வெச்சாளாம். இன்னிக்கி சாயங்காலம் வூடுங்களக் கொளுத்தப் போறாங்களாம். நீ சொன்னாதான் நிப்பாங்க. அதுக்குதான் வந்தேன். கேளு.

ஃபோன்ல அந்த பட்டன் கீற ஆப்பு நான் எழுதல. நடுவுல ஒரு சர்வர் கீது பாரு, அதுதான் நான் பண்ணது. இந்தாண்ட உன் ஃபோனு, அந்தாண்ட மீட்புப் படை ஆபீசு கம்ப்யூட்டரு. அது ஒரு கெழடு. பத்து பேரு ஒண்ணா அமுக்குனா படுத்துக்கும். மொதல்லெல்லாம் அது எழுந்து பதில் சொல்ற வரைக்கும் ஃபோனு சுத்திக்கினே நிக்கும். அதுக்குள்ள ஃபோனு தண்ணில வுழுந்தா? மெசேஜும் போச்சு, ஆளும் போச்சு. அதனாலதான் நடுவுல ஒண்ணு வெச்சேன். அது ஒடனே கைல வாங்கிக்கும், நான் பாத்துக்குறேன்னு ஃபோன வுட்டுடும். அப்புறம் அந்தக் கெழடு எழுந்துக்குற வரைக்கும் கதவத் தட்டிக்கினே கெடக்கும். எழுந்ததும் ஒண்ணொண்ணா உள்ள வுடும். மொதல்ல வந்தவன் மொதல்ல. அதுல நம்மாளு, வேத்தாளுன்னுலாம் நான் எழுதல.

அன்னிக்கி காலைல எறா வலை வுடற முறை யாருதுனு ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்தாண்ட வாய்ச்சண்ட ஆரம்பிச்சுதுல்ல? அடுத்த நிமிசம் கழியால மண்டையப் பொளந்துக்கினாங்க. எங்காளு ஒருத்தன் காது அறுந்து தொங்குது, அத்தப் புடிச்சுக்கினே அவன் உங்காளு கழுத்த மெறிக்கிறான். நீ பட்டன அமுக்குன, துடுப்பு உன் தாடைல எறங்குச்சு. ஃபோனு ஏரில. தொடைல கத்தி. பல்லத் துப்பிக்கினு சேத்துல கெடந்த. அதே நேரம் எல்லாரும் அமுக்கவும் கம்ப்யூட்டரு படுத்துடுச்சு. லேட்டு அதனாலதாணா. உன் ஃபோனு முழுகியும் மெசேஜு என்னாண்ட பத்தரமா இருந்துச்சு. வூட்ல உக்காந்து பாத்துக்கினேதான் இருந்தேன். வரிசைல உன் பேருதான் மொதல்ல.

இன்னா அப்டிப் பாக்குற? ஆமா, மாத்தியிருக்கலாம். ஒரு வரி தட்டுனா கீழ கீறவன் மேல வந்துடுவான். மீட்புக்குக் கீறதோ ஒரே போட்டு. எங்கம்மா பின்னாடி நின்னுக்கினு, மாத்துடி, மாத்துடினு கத்துச்சு. என் முடியப் புடிச்சு இழுத்து முதுகுலயே குத்துச்சு. வெரலு பட்டன் மேலதான் இருந்துச்சு. ஒரு தபா மாத்துனா, அப்புறம் ஏரில எவன் அந்தப் பட்டன நம்பி அமுக்குவான்? அப்டினு இப்போ சொல்றேன். அப்போ இன்னா நெனச்சேன்னு மெய்யாலுமே தெரியல. மாத்தல, அவ்ளோதான். கம்ப்யூட்டரு எழுந்துச்சு, போட்டு உன்னாண்ட வந்துச்சு.

பேனா இங்க வெச்சுட்டுப் போறேன். உன் சம்சாரம் வந்தா எழுதிக் காட்டு. சாயங்காலத்துக்குள்ள உங்காளுங்களுக்குத் தெரியணும்.

வரேணா. வூட்ல காரியம் கீது. உனுக்கு அடுத்த பேரு தீனா. எந்தம்பி. அவன் வயித்துல கத்திய எறக்குனது யாருனு கேக்க நான் வரல. உன்னக் கரைல எறக்கிட்டுதான் போட்டு அவனாண்ட போச்சு. தூக்குறப்போ ஒடம்பு சூடாதான் இருந்துச்சாம்.