பதினேழு மௌனங்கள்

மாலை ஐந்து ஐம்பது. ஜனவரி மாதம்... அதனால் அதற்குள்ளேயே நல்ல இருட்டு. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரைத் தாண்டி வடக்கே போகிற ஒரு தனி ரோட். இரண்டு பக்கமும் பனி மூடிய வயல். விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை. ரோட் முடிகிற இடத்தில் ஆள் இல்லாத ஒரு பழைய பண்ணை வீடு. அதன் வாசலில் நின்று, படப்பிடிப்புக்கு வந்த வான் வண்டிகள் மூன்றும் திரும்பிப் போவதை ஜெனாட் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் எரிந்த சிவப்பு வெளிச்சம் சின்னதாகி, சின்னதாகி... இல்லாமல் போனது.

இனி அந்த வீட்டில் அவர் மட்டும்.

இது என்னோடு வேலை செய்கிற யூஜினியின் அத்தானுக்கு நடந்தது. கரண்ட் வரும்வரை சொல்கிறேன். போர்வையை எனக்கும் கொஞ்சம் விடுங்கள்.

ஜெனாட் மன்னாரில் பிறந்து பாரிசில் வளர்ந்தவர். படங்களுக்கு ஒலி பதிகிறவர். பெரிய படங்கள் இல்லை. யாருடைய அன்ரியின் வீட்டையாவது இரவல் வாங்கி எடுக்கிற சின்ன பிரெஞ்சுப் படங்கள். வயர் சுற்றுகிற வேலையில் தொடங்கினார். பிறகு மைக் கட்டிய நீளக் கம்பைத் தலைக்கு மேலே பிடித்தபடி, தோள் மரத்துப்போகும்வரை நிற்கிற வேலை. கடைசியில் ஒலிப்பதிவு முழுவதும் அவர் பொறுப்பு. பதினாறு படங்கள். அதற்குள் யூஜினியின் அக்கா நிரோஷினியைக் கட்டி, அவளுக்காக ரொறன்ரோ வந்து சேர்ந்தார். இங்கே அவரை ஒருத்தரும் கூப்பிடவில்லை. மார்க்கமில் ஒரு வெயர்ஹவுசில் பெட்டி அடுக்கினார். மல்வேர்னில் வீடு. வீட்டில் ஓரிடத்தில் இருக்கமாட்டார். எழும்புவார், நடப்பார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார்...

ஒலிப்பதிவில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அறையில் காட்சி எடுத்து முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்பார்கள். அந்த அறையின் வெறும் மௌனத்தை ஒரு நிமிடம் பதிவார்கள். பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே வைத்துத் தைக்க அது வேண்டும். ஜெனாட் தன் பதினாறு படங்களின் மௌனங்களையும் சேர்த்து வைத்திருந்தார். வேலை இல்லாத ஏக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதலாவதிலிருந்து கேட்கத் தொடங்கினார்.

முதல் படம், மார்செய். நாற்பதாவது செக்கனில்... எங்கேயோ தூரத்தில்... டக். ஸ்ஸ்ஸ். டக். ஒரு காலை ஊன்றி மறுகாலை இழுத்து நடக்கிற சத்தம்.

பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் என்று நினைத்தார்.

இரண்டாவது படம், பிரெத்தாஞ் பக்கம் ஒரு தேவாலயம். சுற்றிவர ஒரு வீடும் கிடையாது. அதே நடை. கொஞ்சம் கிட்ட.

ஐந்தாவது, எட்டாவது... ஊர் மாறுகிறது, வருசம் மாறுகிறது, நடை மாறவில்லை. பதினான்காவதில் படியேறுகிறது. பதினைந்தாவதில் கதவுக்கு வெளியே நிற்கிறது. பதினாறாவதில்... கதவுக் கைப்பிடி திரும்புகிறது. ஜெனாட் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டார்.

"அந்த நேரம் ஆரும் நடந்திருப்பினம்," என்றாள் நிரோஷினி.

"ஒருத்தரும் மூச்சுக்கூட விடேல்லை."

"அப்ப உங்களுக்கு அண்டைக்கே கேட்டிருக்குமே? காதில மாட்டிக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"அதுதான் நிரோ... அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை."

அடுத்த கிழமையே பாரிசிலிருந்து மாக்கஸ் போன் எடுத்தான். அவருடைய பழைய கூட்டாளி, படம் எடுக்கிறவன். "ரொறன்ரோவில மூண்டு கிழமை ஷூட்டிங். சவுண்ட் முழுக்க நீதான். இதை வடிவாச் செய்தா அடுத்த படமும் உனக்குத்தான்ரா."

ஜெனாட் தயங்கினார். நிரோஷினிதான் பிடித்துத் தள்ளினாள். "போங்கோ. வேலையில்லாமல் கிடந்துதான் உங்களுக்கு இல்லாததெல்லாம் கேக்குது."

அப்படித்தான் அந்தப் பண்ணை வீட்டுக்கு வந்தார். மௌனம் பதிய வேண்டிய நேரத்தில் மேலே விமானம் மாறி விமானம். "நீ ஆறுதலா எடுத்துக்கொண்டு உன்ர காரில வா" என்று சொல்லிவிட்டு மாக்கஸ் ஆட்களோடு புறப்பட்டுவிட்டான்.

ஜெனாட் கதவை உள்ளே பூட்டினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ஈரமரமும் எலிப் புழுக்கையும் மணத்தன. அறை நடுவே ஒரு கதிரை. இருந்தார். ஹெட்போன். பட்டனை அமத்தினார்.

பத்துச் செக்கன்... காற்று.

முப்பது... ஒன்றும் இல்லை.

நாற்பது. கதவைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

ஐம்பது... அறுபது. ஒன்றுமே இல்லை. துப்புரவான மௌனம். அவர் தனியே இருந்து சிரித்தார். மனுசி சொன்னது சரிதான்.

பதிந்ததைத் திரும்பக் கேட்டுப் பார்க்காமல் எந்த ஒலிப்பதிவாளரும் இடத்தை விட்டு எழும்பமாட்டார். அவரும் கேட்டார்.

டக். ஸ்ஸ்ஸ். டக்.

அறைக்குள். கதவடியிலிருந்து கதிரையை நோக்கி. நாலு அடி... ஐந்து... நின்றது. பிறகு கிட்டத்தில், காதுக்குள்ளே என்று சொல்லுமளவு கிட்டத்தில், ஒரு நீண்ட மூச்சு. பிறகு கதிரை கிறீச்சிட்டது. அதிலிருந்து ஓர் ஆள் எழும்புகிற சத்தம்.

பிறகு நடை. இந்தத் தரம் இரண்டு சோடிக் கால்கள். ஒன்று இழுத்து இழுத்து. மற்றது பனிச் சப்பாத்தோடு, அவசரமாக, ஜெனாட்டின் நடையேதான். கதவு திறந்தது. சாத்தியது. மீதிச் செக்கன்களில் எதுவுமே இல்லை.

ஜெனாட் தலையைத் திருப்பினார். பூட்டு போட்டபடியே இருந்தது. தான் கதிரையில் இருக்கிறாரா என்று இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துப் பார்த்தாராம்.

மாக்கஸ் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போய்ப் பதிவைக் கொடுத்தார். மாக்கஸ் முழுவதையும் கேட்டான்.

"அருமையா வந்திருக்கு, சுத்த மௌனம்," என்றான். பிறகு நெற்றியைச் சுருக்கினான். "ஆனால் உன்ர மூச்சுச் சத்தமும் இல்லையேடா. மிசினை ஓடவிட்டிட்டு வெளியிலயோ நிண்டனீ?"

ஜெனாட் ஓம் என்று தலையாட்டினார்.

படம் முடிந்தது. அடுத்த படமும் அவருக்குத்தான் வந்தது, அதற்கடுத்ததும். வெயர்ஹவுசை விட்டுவிட்டார். முன்னைப்போல அந்தரப்படுவதும் நின்றுவிட்டது. ஆள் நல்ல அமைதி என்று எல்லோரும் சொன்னார்கள்.

போன மாதம் யூஜினி அவர்கள் வீட்டில் இரண்டு நாள் நின்றாள். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள் சும்மா திரும்பினால்... முதுகோடு ஒட்டினாற்போல அத்தான். கோப்பை விழுந்து உடைந்தது. அந்த வீட்டு மரப்படி, அவர்களுடைய மூன்று வயதுப் பிள்ளை இறங்கினாலே முனகும். அவர் அதில்தான் இறங்கி வந்திருக்கிறார்.

"அக்கா, இவர் வாறது கேக்கிறேல்லையே," என்று இரகசியமாகச் சொன்னாள்.

நிரோஷினி அத்தானின் வீட்டுச் செருப்பைக் கண்ணால் காட்டினாள். இரண்டிலும் பிள்ளையின் கொலுசு மணிகளைக் கழற்றித் தைத்திருந்தாள்.

அத்தான் உடைந்த கோப்பையைத் தாண்டி ஹோலுக்குப் போனார். யூஜினி அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் மணிகள் ஆடின. நன்றாக, குலுங்கிக் குலுங்கி ஆடின...

சத்தம்தான் வரவில்லை.