சத்தம் தாண்டாத கதவு

கனமான கதவு செய்வது பெரிய வேலை இல்லை ஐயா. அது கடைசிவரை தொய்யாமல் நிற்க வேண்டும், அதுதான் வேலை. மற்றத் தச்சர்கள் பலகையைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் முதலில் கீலைப் பார்ப்பேன். நீங்கள் கேட்கிறீர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கதவைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்கும்.

பகாய் என் கடைசித் தம்பி. எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். மூத்தவன் கல்யாணம் முடிந்ததும் தனிக்குடித்தனம் போவான், அப்பாவின் வீடு கடைசிப் பிள்ளைக்குச் சேரும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்கு அப்பாவும் நானும்தான் செங்கல் அறுத்தோம். அப்போது பகாய் பிறக்கவே இல்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். அப்பா தன் உளிப்பெட்டியை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

முற்றத்தின் மறுகோடியில் தனியாக ஓர் அறை இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். என் கல்யாணத்துக்காக நானே கட்டியது. என் மூத்த மகள் அங்கேதான் பிறந்தாள். நாங்கள் நகரத்து அடுக்குமாடிக்குப் போன பிறகு அதில் நிலக்கரியைக் கொட்டி வைத்தார்கள். போன கோடையில் பகாய் அதைக் கழுவி, ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, குளிருக்கு நான் கட்டியிருந்த கரியடுப்பை மட்டும் அப்படியே விட்டு, பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ ஆக்கினான். அவன் கல்யாண வீடுகளில் பாடுகிறவன். நல்ல குரல். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"அண்ணே, பக்கத்து வீட்டு நாய் என் எல்லாப் பாட்டுலயும் கூடவே பாடுது. இப்படியே போனா அதையும் மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும். சத்தம் தாண்டாத மாதிரி ஒரு கதவு போட்டுக் குடேன்."

"பழைய கதவு என்னாச்சு?"

"அதுவா? போன மாசமே அடுப்புல வெச்சாச்சு."

அந்தப் பழைய கதவும் நான் செய்ததுதான். மேல்பலகையில் ஆட்டுக்கொம்புச் சித்திரம் செதுக்கியிருந்தேன். அக்ரூட் மரம். நன்றாக எரிந்திருக்கும்.

புதிய கதவுக்கு நான் எதிலும் குறை வைக்கவில்லை. இரண்டு தடித்த பலகைகள், நடுவில் ஒரு தகடு, தகட்டின் இரு பக்கமும் வறுத்து ஈரம் போக்கிய மணல். மணல்தான் சத்தத்தை விழுங்கும். நிலையைச் சுற்றிலும் ரப்பர் பட்டை. கீழே இடுக்கு விழாமல் இருக்க நிலைப்படியை உயர்த்தினேன். வெளியே தலைக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு. அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது, யாரும் திறக்கக் கூடாது. அவன் மனைவி ஜிபார் அதை மிகவும் மதித்தாள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடமாட்டாள்.

கதவைப் பொருத்திய அன்று தூக்குவதற்கு அக்கம்பக்கத்து ஆண்கள் வந்தார்கள். ஜிபார் ஆடு சமைத்திருந்தாள். மூத்தவன் என்பதால் ஆட்டுத் தலையை என் முன்னால்தான் வைத்தார்கள். மரியாதையில் அவர்கள் ஒருபோதும் குறை வைத்ததில்லை. பகாய் தேநீர்க் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தான்.

"எங்கப்பா ரொம்ப நியாயஸ்தர்யா. எனக்கு வீடு குடுத்தாரு. அண்ணனுக்கு அந்த வீட்டுக்குக் கதவு போடுற வேலை குடுத்தாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான்.

பிறகு கதவைச் சோதிக்க வேண்டும் என்றான். "நீ உள்ள போய்க் கத்துண்ணே. என்ன வேணா சொல்லு. என்னைத் திட்டு, அதுக்கும் மேல என்ன? நான் வெளிய நின்னு கேக்கறேன்."

நான் உள்ளே போனேன். அவன் கதவைச் சாத்தினான். நான் பிரசவத்தில் மனைவியின் கையைப் பிடித்து நின்ற மூலையில் அவனுடைய ஒலிபெருக்கி இருந்தது. நான் கத்தினேன். முப்பது வருடமாக வாயில் வராதது எல்லாம் வந்தது. அப்பாவைச் சொன்னேன், அவனைச் சொன்னேன், அவன் குரலைச் சொன்னேன். என்ன செய்வேன் என்பதையும் சொன்னேன். அதற்கு முன் எனக்கே அது தெரியாது. தொண்டை காய்ந்த பிறகு கதவைத் திறந்தேன்.

பகாய் குழந்தை மாதிரி கைதட்டினான். "ஒண்ணுமே கேக்கலண்ணே! கொசு முனகுற மாதிரிகூட இல்ல. என்னதான் சொன்ன?"

"நல்லா இருன்னு வாழ்த்தினேன்."

"அதுக்கா மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?" என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

உள்ளேயிருந்து தாழை விலக்கும் கைப்பிடியை ஒரே ஓர் ஆணிதான் பிடித்திருந்தது. அந்தக் கைப்பிடி இல்லாமல் உள்ளே இருப்பவர் கதவைத் திறக்க முடியாது. அதைக் கடைசியில்தான் அடித்தேன், முழுதாக அடிக்காமல் விட்டேன். வேலை அவசரத்தில் அப்படி நேர்வதுண்டு. அன்று எனக்கு ஓர் அவசரமும் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். அதுவும் உண்மைதான்.

ஜனவரியில் ஒருநாள், மதியத்துக்கு மேல், கீலுக்கு எண்ணெய் விடப் போனேன். ஜிபார் பிள்ளைகளோடு சந்தைக்குப் போயிருந்தாள். பகாய் காதில் ஹெட்போனோடு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். செல்போன் பதிவைக் கெடுக்கும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான்.

"அடுப்புல கொஞ்சம் கரி போட்டுட்டுப் போண்ணே, விரல் விறைக்குது," என்றான் திரும்பாமலே. "கதவை நல்லா சாத்திடு."

கரி போட்டேன். புகை வெளியே போகும் குழாயை, அதன் தகட்டைத் தள்ளி மூடினேன். கைப்பிடி ஆணியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சொன்னபடி கதவை நன்றாகச் சாத்தினேன். சிவப்பு பல்பைப் போட்டேன். குளிர்காலத்தில் நம் ஊரில் யாராவது ஒருவர் அடுப்புப் புகையில் போகத்தான் செய்கிறார்கள். அதற்காக யாரும் அதிகம் விசாரிப்பதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. பலகை மட்டும் மெல்ல அதிர்ந்தது, ஓடி வந்த குதிரையின் கழுத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி. அது அடங்கும்வரை நின்றேன். செய்த வேலையைச் சரிபார்க்காமல் போகிற தச்சன் நான் இல்லை.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறந்து, புகைக்குழாய்த் தகட்டையும் ஆணியையும் பழையபடி வைத்துவிடுவது என்பது என் திட்டம். விடிய விடியப் பதிவு செய்வது அவன் பழக்கம் என்பதால் ஜிபார் தேடமாட்டாள். எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். ஒன்றைத் தவிர.

சாவு வீட்டுக்கு நம் ஆண்கள் எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தெருமுனை திரும்பியதுமே வாய்விட்டு அழுதுகொண்டு போக வேண்டும். சத்தம் வராதவன் ஆம்பளையே இல்லை. அப்பாவுக்கு அழுதேன், சித்தப்பாக்களுக்கு அழுதேன். இத்தனை வயதில் அது யோசித்துச் செய்வது இல்லை, காலே தொண்டையைத் திறந்துவிடும். அன்று காலை தெருமுனை திரும்பினேன். அப்பா வைத்த நீலக் கேட் தெரிந்தது.

"என் ஈரக்குலையே, என் தம்பியே, என்னை விட்டுட்டுப் போயிட்டியே..."

என் குரல் தெரு முழுக்கக் கேட்டது. கேட்டுக்குள் வந்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. ஜிபார் முற்றத்தில் பனியை வாரிக்கொண்டிருந்தாள். யாரோடோ பேசிச் சிரித்த சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் இருந்தது.

"என்ன மாமா? யாரு? யாரு போயிட்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முற்றத்தின் மறுகோடியில் எரிந்த சிவப்பு பல்பைப் பார்த்தாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தக் கதவு ஒரு பெண் ஒற்றைக் கையால் இழுத்தாலே திறக்கும். கீல் அவ்வளவு நல்ல கீல்.

ஆணி என் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை நீங்கள் எடுத்தீர்கள்.

என் தம்பியை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறாமையால் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அவன் செத்தது பெண்டாட்டிக்கே தெரியாத நேரத்தில், தெரு கேட்க அவனுக்காக முதலில் அழுதவன் நான். பாசம் இல்லாத அண்ணனுக்கு அப்படி அழுகை வருமா?